இருபது கேள்விக்குள்

2004 மே 9, ஞாயிறு

காலைப் பூசைக்குப் போய்வந்து பத்து மணிக்குக் கடை திறந்தேன். கடை என்றால் ஊர்காவற்றுறைச் சந்திக்குக் கிட்ட இருக்கிற கொமினிகேசன். ரெலிபோன் பெட்டி இரண்டு, போட்டோக்கொப்பி மிசின் ஒன்று, மாசி மாதத்திலிருந்து இன்ரநெற் உள்ள கொம்பியூட்டர் ஒன்று. முதலாளி பஸ்ரியாம்பிள்ளை அண்ணை. வெளிநாட்டிலிருந்து கோல் வந்தால் சைக்கிளில் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவது, பேசுகிற நேரம் பார்ப்பது, கூட்டித் துடைப்பது எல்லாம் நான். ஞாயிறு பின்னேரம் ஒருவரும் வருவதில்லை. நாலரையிலிருந்து ஆறு வரை கொம்பியூட்டர் என்னுடையது என்று அண்ணை சொல்லியிருக்கிறார்.

அந்த ஒன்றரை மணித்தியாலமும் ஆளுக்காள் எழுதி விளையாடுகிற விளையாட்டுத்தான். பாரிசில் இருக்கிற றோஸ் தொடங்கி வைத்தது. றோசும் நானும் ஒரே வகுப்பு. அவளுடைய பெரியம்மாவின் மகன் மிரோஜன் சுவிசில் படிக்கிறான், ஐந்து வயதில் இங்கிருந்து போனவன். ஒருவர் மனதில் ஒன்றை நினைக்க வேண்டும். ஆளோ, சாமானோ, ஊரோ, எதுவும். மற்றவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து இருபது கேள்வி கேட்கலாம். நினைத்தவர் ஓம், இல்லை, இரண்டில் ஒன்றுதான் சொல்லலாம். புத்தகம் பார்க்கக் கூடாது, இன்ரநெற்றில் தேடக் கூடாது.

இன்று நாலாவது ஆள் ஒருவரை மிரோஜன் சேர்த்தான். ரொறொன்ரோவில் இருக்கிற நடராசா அண்ணை. புங்குடுதீவு இறுப்பிட்டி. வயது தெரியாது. மிரோஜனுக்கு இன்ரநெற்றில் பகிடி எழுதுகிற ஒரு இடத்தில் பழக்கமாம்.

மிரோஜன் நினைத்ததை இன்று நான்தான் பிடித்தேன். உயிருள்ளதோ, இல்லை. தொடலாமோ, இல்லை. வானத்திலோ, ஓம். ஒவ்வொரு நாளும் தெரியுமோ, இல்லை. ஒரு மனிசனின் பெயரோ, ஓம். ஹலியின் வால்வெள்ளி என்று அடித்தேன். சரி.

உடனே நடராசா அண்ணை எழுதினார்: "நீங்கள் ரீச்சரோ?"

நான் ஓம் என்று அடித்தேன்.

ஏன் அப்பிடி அடிச்சன் எண்டு தெரியேல்லை. மற்ற ஆக்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியளுக்குள்ளை அதுவும் ஒண்டாய் வந்தது. இல்லை எண்டு அடிக்கவும் அவ்வளவு நேரந்தானே எடுத்திருக்கும்.

2004 மே 16, ஞாயிறு

"வணக்கம் ரீச்சர்" என்று தொடங்குகிறார். மிரோஜனும் அதைப் பிடித்துக்கொண்டான். றோசுக்கு என்னைத் தெரியும். ஓ.எல். சோதினை எழுத வேண்டிய வருசம் சண்டைக்குப் பயந்து தீவை விட்டு ஓடினோம், பிறகு எழுதவில்லை, அதுவும் தெரியும். தனியாக எனக்கு எழுதினாள்: "இருக்கட்டும் விடு. முகம் தெரியாத மனிசன்தானே."

2004 யூன் 20, ஞாயிறு

மிரோஜன் களவு செய்து பிடிபட்டான். நடராசா அண்ணை எதையோ நினைத்தார், ஏழாவது கேள்வியிலேயே அவன் நேராகப் போய் "கற்பூரம்" என்றான். எப்படி என்று கேட்டால், கேட்ட கேள்விகளை இன்ரநெற்றில் போட்டுப் பார்த்தானாம். 

நடராசா அண்ணை கோபிக்கவில்லை. "தம்பி, உது தராசிலை கை வைக்கிற வேலை. நான் நாப்பது வருசம் கடையிலை நிண்டவன், கண்டுபிடிச்சிடுவன்" என்று எழுதினார். மிரோஜன் மன்னிப்புக் கேட்டான். விளையாட்டுத் தொடர்ந்தது.

நான் எழும்பிப் போய்ப் போட்டோக்கொப்பி மிசினைத் துடைத்தேன். லைன் மெதுவாக இருக்கு என்று பிறகு எழுதினேன்.

2004 யூலை 11

மின்சாரம் இல்லை. விளையாட்டு இல்லை.

2004 ஓகஸ்ட் 22, ஞாயிறு

றோசும் மிரோஜனும் போன பிறகு நடராசா அண்ணை நின்றார். அவருக்கு அங்கே ஞாயிறு காலை. கடை திறந்த பழக்கத்தில் நாலு மணிக்கே கண் முழிக்கிறாராம், வீட்டில் எல்லாரும் நித்திரையாம்.

நிறைய எழுதினார். இங்கிலீசு எழுத்தில் தமிழை ஒற்றை விரலால் அடிக்கிறார் போல, ஒரு வரி வர ஒரு நிமிசம் ஆகிறது. பதினொரு வயதில் இறுப்பிட்டியிலிருந்து மாமாவின் கடைக்குக் குருநாகலுக்குப் போனாராம். முதலில் வெங்காயம் புடைக்கிற வேலை. பிறகு தராசு. பிறகு கணக்கு. பிறகு கடையே அவருக்கு. எண்பத்து மூன்று கலவரத்தில் அது எரிந்து போனது. "அஞ்சாம் வகுப்புக்கு மேலை நான் பள்ளிக்கூடம் போகேல்லை. என்ரை பிள்ளையளுக்கு இது தெரியாது. எஸ்.எஸ்.சி. பாஸ் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். மகள் கம்பசிலை படிக்கேக்கை என்னட்டை ஏதும் கேட்டுப்போடுவாள் எண்டு பயந்து கடைக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டிடுவன். உங்களிட்டைச் சொல்ல மனம் வந்தது. நீங்கள் ரீச்சர், பகிடி பண்ணமாட்டியள்."

நான் அடித்தேன்: அண்ணை நானும். அழித்தேன். அண்ணை உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். அழித்தேன். மூன்றாந்தரம் அடித்துக்கொண்டிருக்க லைன் அறுந்தது.

நான் அறுக்கேல்லை. தானாய்த்தான் அறுந்தது. ஆனால் அறுந்தவுடனை எனக்கு மூச்சு வந்தது. அதைத்தான் இதிலை எழுத வேணும் எண்டு இருந்தனான்.

2004 ஓகஸ்ட் 29, ஞாயிறு

வழமை போல விளையாட்டு. போன கிழமைக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவர் நினைத்தது தூக்கணாங்குருவிக் கூடு. பதினெட்டாவது கேள்வியில் றோஸ் பிடித்தாள்.

2004 டிசெம்பர் 26, ஞாயிறு

கடல் ஊருக்குள் வந்ததாம், வடமராட்சிப் பக்கம் சரியான அழிவு. எங்கள் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையிலிருந்து ரெலிபோன் அடித்தபடி. சைக்கிளில் எத்தனை தரம் போனேன் என்று எண்ணவில்லை. கொம்பியூட்டரைத் திறந்து பார்த்தால் மூன்று பேரும் மாறி மாறி ஒரே கேள்வி: "ஜெனீற்றா, இருக்கிறியோ?" "ரீச்சர், இருக்கிறியளோ?" ஓம் என்று மூன்று பேருக்கும் அடித்துவிட்டு அடுத்த கோலுக்கு ஓடினேன்.

2005 மார்ச் 13, ஞாயிறு

நடராசா அண்ணை யூலையில் ஊருக்கு வருகிறாராம். இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு. "முதல் வேலை ரீச்சரை வந்து பாக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

2005 யூலை 3, ஞாயிறு

றோஸ் கோல் எடுத்தாள். "இப்பவே சொல்லிப்போடு. நேரை வந்து அறிஞ்சால் அந்த மனிசனுக்கு வெக்கக்கேடு" என்கிறாள். சரிதான். இமெயில் ஒன்று எழுதினேன். பதினாறு வரி. வாசித்துப் பார்த்தால் கோட்டில் சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது. அனுப்பவில்லை. வரமாட்டார் என்று ஒரு நினைப்பு. வெளிநாட்டு ஆட்கள் கோயில், வீடு, காணி என்று திரிந்துவிட்டு நாள் காணாமல் போய்விடுவார்கள். எங்கடை சந்திக்கு ஏன் வரப்போகிறார்?

2005 யூலை 20, புதன்

வந்திட்டார்.

பதினொரு மணியிருக்கும். வாடகை வான் ஒன்று வந்து நின்றது. நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மெலிந்த, உயரமான மனிசன். சேட்டின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். கையில் பெரிய பாசல். அண்ணை அண்ணை என்று எழுதிக்கொண்டிருந்த ஆளுக்கு என்னைப் பெற்ற அப்புவின் வயது.

"பிள்ளை, ஜெனீற்றா ரீச்சர் எண்டு ஒராள் இஞ்சை வந்து கொம்பியூட்டர் பாவிக்கிறவவோ? ரெண்டு பள்ளிக்கூடத்திலையும் கேட்டிட்டன். அப்பிடி ஒராள் படிப்பிக்கேல்லையாம். வீடு எங்கையெண்டு தெரியுமோ?"

தெரியாது என்ற சொல் வாய்க்குள் வந்து நின்றது. அதையும் சொல்லியிருப்பன். வானுக்குள்ளிருந்து றைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அண்ணை ஜெனீற்றா" என்றேன்.

முகம் மலர்ந்து போய்விட்டது அவருக்கு. "அப்ப இண்டைக்கு லீவோ?"

"நான் ரீச்சர் இல்லை. இஞ்சை வேலை செய்யிறன். ஓ.எல்.லும் எழுதேல்லை."

பாசலை மேசையில் வைத்தார். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை.

"அப்ப அந்தக் கேள்வியளெல்லாம் ஆர் கேட்டது?"

"நான்தான்."

"பக்கத்திலை ஆரும் இருந்து சொல்லித்தரேல்லையோ?"

"இல்லை அண்ணை. பேப்பர் வாசிப்பன். றேடியோ கேட்பன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். விளக்குமாறு இன்னும் கையில்தான் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நான் அஞ்சாம் வகுப்பெண்டதை உமக்குத்தான் சொன்னனான்" என்றார். அதுவரை நீங்கள் என்றவர் அந்த இடத்தில் நீர் ஆக்கினார். "பெத்த பிள்ளையளுக்குச் சொல்லேல்லை. உமக்குச் சொன்னனான். அண்டைக்காவது நீர் சொல்லியிருக்கலாமெல்லோ."

"ஓம்" என்றேன்.

பிறகு திரும்பிப் போய் வானில் ஏறினார். பாசலை எடுக்கவில்லை. நான் கூப்பிட்டுக் கொடுக்கவும் இல்லை.

பாசலுக்குள் கொப்பிகள் வைத்துக்கொண்டு போக ஒரு தோல் பை, சிவப்புப் பேனை பன்னிரண்டு.

"ஆரது?" என்று பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கேட்டார். தெரிந்த ஆள் என்றேன்.

வீட்டை வந்து அம்மாவுக்குத் தலையிடி எண்டு சொல்லிப்போட்டுப் படுத்தன். அவர் கத்தியிருந்தாலும் பரவாயில்லை. அண்டைக்காவது எண்டாரே. அண்டைக்காவது சொல்லியிருக்கலாந்தான். மூண்டு தரம் அடிச்சு அழிச்சனான், அது எனக்கெல்லோ தெரியும். அவருக்குத் தெரியிறதுக்கு என்ன வழி?

2005 யூலை 24, ஞாயிறு

மிரோஜனுக்கும் உள்ளதைச் சொன்னேன். அவனுக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை. "அக்கா, நீங்கள் படிக்காமலே எங்களை வெல்லுறியள் எண்டால் எங்களுக்குத்தான் வெக்கம்" என்று எழுதினான். நல்ல பொடியன். அவனிடம் சொல்வது லேசாக இருந்தது. நான் முந்தியே சொல்லியிருக்க வேண்டிய ஆள் அவன் இல்லை, அதனால்தான் லேசு.

2005 செப்ரெம்பர் 18, ஞாயிறு

நடராசா அண்ணை கனடாவுக்குத் திரும்பி ஒரு மாதத்துக்கு மேல். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது. ஆள் இருக்கிறார். ஒன்றும் எழுதுவதில்லை. எழுதினேன்: "அண்ணை, நான் செய்தது பிழை. ஓம் எண்டு அடிச்சது முதற் பிழை. நீங்கள் உங்கடை கதையைச் சொன்ன அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தது அதைவிடப் பெரிய பிழை." பச்சை விளக்கு அணைந்தது.

2005 டிசெம்பர் 25, நத்தார்

விளையாட்டில் இப்போது மூன்று பேர். மூன்று பேருக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. அதை ஒருவரும் சொல்லவில்லை.

2006 ஏப்ரல் 16, உயிர்த்த ஞாயிறு

நாட்டின் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். நான் மறந்துபோய் முந்தியே வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் தனிய இருந்தேன். ஊரில் நிலைமை சரியில்லை. நேவி வீதியில் நின்று எல்லாரையும் மறித்துப் பார்க்கிறது. ஆறு மணிக்குப் பிறகு சனம் வெளிக்கிடுவதில்லை. அண்ணை ஐந்தரைக்கே பூட்டச் சொல்லிவிட்டார்.

2006 மே 14, ஞாயிறு

நேற்று அல்லைப்பிட்டியில் வீட்டுக்குள் இருந்த ஆட்களைச் சுட்டிருக்கிறார்கள். பிள்ளைகளும் அதற்குள். பூசையில் ஒருவரும் பாடவில்லை. பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் தங்கச்சி குடும்பம் அங்கேதான். உயிரோடு இருக்கிறார்கள், ஊரை விட்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். கடை திறக்கவில்லை.

2006 ஓகஸ்ட் 27

பதினோராம் திகதி சண்டை தொடங்கியதிலிருந்து ரெலிபோன் இல்லை, பாதை இல்லை. மண்கும்பானுக்கு அங்கால் போக விடுகிறார்கள் இல்லை. கோயிலில் சனம் நிறைந்துபோய்க் கிடக்கிறது. நான் காலையில் அங்கே கஞ்சி காய்ச்சப் போகிறேன். கொம்பியூட்டரைத் துணியால் மூடிக் கட்டி வைத்துவிட்டேன்.

2006 ஒக்டோபர் 3

சீனி இல்லை. தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு குடிக்கிறோம்.

2006 நவம்பர் 8, புதன்

ரெலிபோன் ஒரு பெட்டிக்கு மட்டும் திரும்ப வந்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அடித்தது. யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்கக் கொப்பியோடு ஆயத்தமாக எடுத்தேன்.

"பிள்ளை, நான் நடராசா."

கொப்பியை மூடி வைத்தேன்.

"ஒருத்தரையும் கூப்பிட வேண்டாம். உம்மோடைதான் கதைக்க வேணும். உயிரோடை இருக்கிறீரோ எண்டு பாக்கத்தான். ஓகஸ்டிலையிருந்து ஒவ்வொரு நாளும் அடிக்கிறன்."

"இருக்கிறன் அண்ணை."

"அம்மா?"

"அவவும் சுகம்."

"சாப்பாடு கிடைக்குதோ?"

"ஏதோ கிடைக்குது."

பழக்கத்தில் மணிக்கூட்டைப் பார்த்தேன். நேரம் ஓடுகிறது. காசு அவர் பக்கத்தில்தானே ஓடுகிறது என்று விட்டேன்.

"அண்ணை, நான் அண்டைக்கு..." என்று தொடங்கினேன்.

"அதைப் பற்றி நானும் யோசிச்சனான்" என்றார். "நீர் பொய் சொன்னது பொய்தான். அதை இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனால் நான் அந்த விளக்குமாத்தைக் கண்டவுடனை நீர் எண்டு கதைச்சிட்டன். ஆரும் சொல்லித்தந்ததோ எண்டும் கேட்டிட்டன். பள்ளிக்கூடம் போகாதவன் நான், என்ரை வாயிலையிருந்து அது எப்பிடி வந்தது எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை."

"பரவாயில்லை அண்ணை."

"பரவாயில்லை எண்டு சொல்லாதையும். கோவம் இருந்தால் கோவம் எண்டு சொல்லும்."

"கொஞ்சம் இருந்தது" என்றேன். 

சிரித்தார். லைன் நல்ல தெளிவாக இருந்தது. வைக்கிறதுக்கு முன்னால், "ஒண்டு நினைச்சிருக்கிறன், நாலு கேள்வி கேட்டுப் பாரும், வேகமாய்" என்றார். நாலில் கண்டுபிடிக்க ஏலவில்லை. ஈச்சம்பழமாம்.

2007 யூன் 10, ஞாயிறு

இன்ரநெற் வந்துவிட்டது. துணியை அவிழ்த்தால் கீபோட்டுக்குள் எறும்பு. துடைத்துப் போட்டுத் திறந்தேன். நாலு பேரும் இருந்தோம். நாலு பேரும்.

2007 ஒக்டோபர் 21, ஞாயிறு

நடராசா அண்ணை மகளிடம் அஞ்சாம் வகுப்புக் கதையைச் சொல்லிவிட்டாராம். மகள் பெயர் தாரிகா. "என்ன சொன்னவ?" என்று கேட்டேன். "எனக்கு முந்தியே தெரியும் அப்பா எண்டவள். நாப்பது வருசம் ஒளிச்சு ஒரு பிரயோசனமும் இல்லை" என்று எழுதினார்.

2008 ஒக்டோபர் 19, ஞாயிறு

அண்ணை வரவில்லை. போன கிழமையும் வரவில்லை. மிரோஜன் அவருடைய வீட்டு நம்பருக்கு அடித்துப் பார்த்தான், யாரும் எடுக்கவில்லையாம்.

2008 ஒக்டோபர் 26, ஞாயிறு

அண்ணைக்குப் பாரிசவாதம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

2008 நவம்பர் 23, ஞாயிறு

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கடை ரெலிபோன் அடித்தது. தாரிகா. அதுவரை நான் அவவோடு கதைத்ததில்லை. தகப்பனின் கொப்பியில் என் நம்பரைக் கண்டு எடுத்தவவாம். அழுதழுது தொண்டை அடைத்துப் போயிருந்தது.

"அக்கா, அப்பாவை வீட்டை கொண்டுவந்து ரெண்டு கிழமை. வலப்பக்கம் அசையாது. கதையும் இல்லை. ஓம், இல்லை, அது ரெண்டுந்தான் வாயிலை வருது. ஒரு கிழமையாய் ஒண்டும் சாப்பிடுறார் இல்லை. எதையோ சொல்லப் பாக்கிறார், எங்களுக்கு விளங்கேல்லை. நேத்துக் கோப்பையைத் தட்டி விழுத்திப்போட்டார். தண்ணியோ, போர்வையோ, கோயில் விபூதியோ, எல்லாம் கேட்டாச்சு. உங்களைப் போலை கேள்வி கேக்க ஆக்கள் இல்லை எண்டு அப்பா எப்பவும் சொல்லுறவர். ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தா. 

"அண்ணை, ஜெனீற்றா. கேக்குதோ?"

"ஓம்." அவருடைய குரல்தான். ஆனால் வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

"உங்களுக்கு ஏதும் சாமான் வேணுமோ?"

"இல்லை."

"ஒராளைப் பற்றியோ?"

"ஓம்." பிறகு, "இல்லை." பிறகு ஒரு முனகல்.

"ஆள் செய்யிற ஒரு வேலையைப் பற்றியோ?"

"ஓம். ஓம்."

"வெளி ஆக்களோ?"

"இல்லை."

"வீட்டு ஆக்கள். சாப்பாடு தாற விசயமோ?"

"இல்லை."

"காலமையிலை நடக்கிறதோ?"

"ஓம்."



அப்பு நினைவுக்கு வந்தார். தொண்ணூற்றைந்தில், சாவகச்சேரியில் இடம்பெயர்ந்து இருந்த வீட்டில் எட்டு மாதம் படுக்கை. அம்மாவுக்கு நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது. நான்தான் கழுவித் துடைத்தது. நான் வாளியோடு வரும்போது அவர் முகட்டைப் பார்க்கத் தொடங்குவார். முடியும் வரை முகட்டைத்தான் பார்ப்பார். பிறகு சோறு கொண்டுபோனால் வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். வருத்தத்தால் பசி இல்லை என்று நினைத்தோம். ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கிற கேள்வியோ அது?

"தாரிகா" என்றேன். "காலமையிலை அப்பாவைக் கழுவித் துடைக்கிறது ஆர்?"

"நான்தான் அக்கா. அம்மாவுக்குத் தூக்க ஏலாது. ஏன்?"

"போனைத் தனிய அப்பான்ரை காதிலை வைச்சிட்டு நீர் ஒரு ரெண்டு நிமிசம் அறைக்கு வெளியிலை நில்லும்."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அண்ணை, நான் மட்டுந்தான். தாரிகா உங்களைக் கழுவுறது உங்களுக்கு ஏலாமல் இருக்குதோ?"

ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று பயந்தேன்.

"ஓம்" என்றார்.

"மகன் சுலக்சன் செய்தால் சரியோ?"

"ஓம். ஓம்."

"தாரிகாவிலை கோவமோ?"

"இல்லை. இல்லை. இல்லை."

"நான் அவவுக்குப் பக்குவமாய்ச் சொல்லட்டோ?"

அழுகிறார் என்று விளங்கியது. நானும் பெட்டிக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 

"ஓம்."

தாரிகாவிடம் சொன்னேன். சுற்றிவளைக்காமல் சொன்னேன்.

"நான் ஆசையாத்தான் அக்கா செய்தனான்" என்றா.

"தெரியும். அவருக்கும் அது தெரியும். அதாலைதான் சொல்ல ஏலாமற் கிடந்தவர். கதை இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்."

"தம்பி வேலைக்குப் போக முதல் வந்து செய்வான். நான் கேக்கிறன்." பிறகு, "நான் இதை யோசிக்கவே இல்லை" என்றா.

"நானும் என்ரை அப்புவுக்கு யோசிக்கேல்லை" என்றேன். அதை இதுவரைக்கும் ஒருவரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் இல்லை.

2008 நவம்பர் 30, ஞாயிறு

தாரிகா எழுதியிருக்கிறா. சுலக்சன் ஒவ்வொரு நாளும் விடிய வருகிறானாம். செவ்வாய்க்கிழமை ஒரு கோப்பை கஞ்சி. வியாழன் இடியப்பம் இரண்டு.

2009 சனவரி 18, ஞாயிறு

றோஸ் கேட்டாள், அண்ணையைத் திரும்ப விளையாட்டில் சேர்த்தால் என்ன என்று. பேச ஏலாத மனிசனை எப்படி என்று நான் யோசிக்க, மிரோஜன் எழுதினான்: "அவர் நினைக்கட்டும், நாங்கள் கேப்பம். அவருக்குத் தேவையான ரெண்டு சொல்லும் அவரிட்டை இருக்குத்தானே." தாரிகா கேள்வியை வாசித்துக் காட்டி, அவர் சொல்கிறதை அடிப்பதாக ஒப்புக்கொண்டா.

2009 பெப்ரவரி 1, ஞாயிறு

முதல் நாள் பத்துக் கேள்வியோடு களைத்துப் போனார். யானை. எங்களுக்காக லேசானதாக நினைத்திருக்கிறார் போல.

2009 மே 24, ஞாயிறு

சண்டை முடிந்ததாம். நேவிக்காரர் வீதியில் வெடி கொளுத்தினார்கள். பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் மருமகள் ஒருத்தி வன்னியில், ஒரு தகவலும் இல்லை. கொம்பியூட்டரைத் திறந்தேன். மற்றவர்களும் இருந்தார்கள். ஒருவரும் விளையாடுவோம் என்று கேட்கவில்லை. ஆறு மணி வரை அப்படியே இருந்துவிட்டுப் போனோம்.

2009 ஓகஸ்ட் 30, ஞாயிறு

இன்றும் நடராசா அண்ணையின் முறை. இப்போது எல்லா ஞாயிறும் அவருடைய முறைதான். உயிருள்ளது இல்லை. சாமான் இல்லை. ஒரு இடம். இலங்கையில் இல்லை, கனடாவிலும் இல்லை. அவர் போன இடமோ, இல்லை. சனம் இருக்கிற இடமோ, ஓம். குளிரோ, இல்லை. றோஸ் நாலு நாட்டின் பெயரைச் சொல்லி நாலு கேள்வியை வீணாக்கினாள். பத்தொன்பதாவதாக நான், நான் கேள்விப்பட்ட இடமோ என்று கேட்டேன், ஓம் என்றார். இருபதாவது மிரோஜன், பிழை.

இன்னும் ஐந்து கேள்வி தரச் சொல்லி மிரோஜன் கெஞ்சினான். இல்லை. மூன்று? இல்லை. "அப்பா சிரிக்கிறார்" என்று தாரிகா அடித்தா. "வாய் ஒரு பக்கந்தான் போகுது, எண்டாலும் நல்லாய்ச் சிரிக்கிறார்." என்ன இடம் என்று தாரிகாவுக்கும் தெரியாது. அவரால் சொல்லவும் ஏலாது, எழுதவும் ஏலாது. நாங்கள் கண்டுபிடிக்காவிட்டால் அது அவரோடுதான்.

கடையைப் பூட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டியபடி வந்தேன். சனம் இருக்கிற, குளிராத, அவர் ஒருக்காலும் போகாத இடம். நான் கேள்விப்பட்ட இடம். சந்தியில் நேவிக்காரன் மறித்து அடையாள அட்டை கேட்டான், யோசனையில் இரண்டு தரம் கேட்க வைத்துவிட்டேன். வீட்டை வந்து அம்மாவுக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். இன்னும் பிடிபடேல்லை.